சிவப்புப் பொட்டு வைத்த மெமரி கார்டு

குடைச்சல் என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவள் கணவன். எதையும் குடைந்து குடைந்து கேட்காமல் விடமாட்டாள் என்பதால் கல்யாணமான மூன்றாம் மாதமே வைத்துவிட்டான். அந்தப் பெயர் வீட்டு வாசலைத் தாண்டி அவள் வேலை பார்க்கும் மருந்து நிறுவனத்துக்குள் எப்படிப் போனது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அவளுடைய நாத்தனார், அதாவது கணவனின் அக்கா, அதே நிறுவனத்தில்தான் குளிர் அறைக்குப் பொறுப்பாளர்.

வீட்டில் கீழே குடைச்சலின் குடும்பம், மாடியில் நாத்தனார். நாத்தனாரின் கணவருக்கு வெளியூரில் வேலை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து நான்கு நாள் தூங்கிவிட்டுப் போவார். பதினொரு வருஷமாக இதுதான் ஏற்பாடு. வீட்டில் 'அண்ணி' என்றும் 'ஏம்மா' என்றும் கூப்பிட்டுக்கொள்ளும் இந்த இரண்டு பேரும் நிறுவனத்தின் கேட்டுக்குள் நுழைந்ததும் ஒருவரை ஒருவர் 'மேடம்' என்பார்கள். அதைக் கேட்டு லாரிக்காரர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். குடைச்சல் தரப் பரிசோதகர். நிறுவனத்தின் நான்கு கிடங்குகளுக்கும் மாறி மாறிப் போய், மருந்துகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. குடைவதற்குச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை மத்தியானம் அவள் வேறொரு கிடங்கில் இருந்தபோது நாத்தனாரிடமிருந்து ஃபோன் வந்தது. அதுவே ஆச்சரியம். நாத்தனார் ஃபோன் செய்கிற ஆள் இல்லை. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் மாடிப்படியில் நின்று ஒரு சத்தம் கொடுப்பார், தெருக்கோடி வரை கேட்கும். அந்தக் குரல் அன்றைக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

"கார்டு காலியா இருக்கும்மா. போன வாரம் முழுக்க ஒண்ணுமே இல்ல."

நாத்தனாரின் குளிர் அறையில் இருந்தது ஆயிரத்து நானூறு பெட்டி இன்சுலின். இரண்டு டிகிரிக்குக் கீழேயும் போகக்கூடாது, எட்டைத் தாண்டவும் கூடாது. அதைக் கண்காணிக்க உள்சுவரில் ஒரு பதிவுப் பெட்டி மாட்டியிருக்கிறார்கள். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். நிமிஷத்துக்கு ஒருமுறை அறையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளந்து, தன் இடுப்பில் செருகியிருக்கும் மெமரி கார்டில் ஒரு வரி எழுதும். திங்கட்கிழமைதோறும் காலையில் நாத்தனார் அந்தக் கார்டைக் கழற்றிவிட்டு வேறு கார்டு போடுவார். கழற்றியதைக் கம்ப்யூட்டரில் செருகி, வாரத்தின் ஆக அதிக அளவும் ஆகக் குறைந்த அளவும் என்னவென்று பார்த்து நோட்டில் எழுதுவார். மொத்தம் இரண்டு கார்டுகள். ஒன்று மாற்றி ஒன்று. அடையாளத்துக்கு நெயில் பாலிஷில் ஒன்றுக்குச் சிவப்புப் பொட்டு, இன்னொன்றுக்கு நீலப் பொட்டு.

காலியாகிப் போனது சிவப்புப் பொட்டு. அந்த வாரத்தின் வியாழக்கிழமைதான் நாலு மணி நேரம் கரண்ட் இல்லாமல் போயிருந்தது, ஜெனரேட்டரும் ரிப்பேருக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து. மின்தடை இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் நிமிஷவாரியான பதிவைக் காட்ட வேண்டும், காட்ட முடியாவிட்டால் மருந்தை அழித்துவிட வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. மருந்து நன்றாக இருந்திருக்கலாம், அது வேறு விஷயம். பதிவு இல்லை என்றால் கெட்டதாகத்தான் அர்த்தம்.

மருந்தோடு போகிற விஷயமாகவும் அது இல்லை. நாத்தனார் ஒரே வருஷத்தில் இரண்டு மெமோ வாங்கியிருந்தார். லாரிக்காரர் ஒருவர் கேட்ட கேள்விக்கு எரிந்து விழுந்ததற்கு ஒன்று. வெளியிலிருந்து தணிக்கைக்கு வந்தவரின் முகத்துக்கு நேராக ஃபைலை வீசியதற்கு இன்னொன்று. முன்பெல்லாம் அவர் அப்படி இல்லை. இருபத்திரண்டு வருஷ வேலையில் முதல் இருபத்தொரு வருஷம் ஒரு சொல் யாரும் சொன்னதில்லை. மூன்றாவது மெமோ வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை ஒன்பதேகாலுக்கெல்லாம் குடைச்சல் வந்து நின்றாள். மேலாளர் சாயங்காலம் ஐந்து மணி வரை அவகாசம் கொடுத்திருந்தார். அதற்குள் பதிவு வந்தால் சரி, வராவிட்டால் அழிப்பதற்கான படிவத்தில் அவளே கையெழுத்துப் போட வேண்டும்.

நாத்தனார் தன் மேஜையில் உட்கார்ந்திருந்தார். ஃபேன் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தும் கழுத்தெல்லாம் வேர்வை. ஒரு ஃபைலை எடுத்து விசிறிக்கொண்டிருந்தார். பயத்தில் வேர்க்கிறது என்று குடைச்சல் நினைத்தாள். பாவமாகவும் இருந்தது. ஆனால் அவளுக்குப் பாவம் வந்தாலும் கேள்விதான் வரும். நேற்றுக் காலையிலிருந்து என்னென்ன செய்தீர்கள், ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றாள்.

நாத்தனார் சொன்னார். உள்ளே போய்ப் பெட்டியின் பொத்தானை அழுத்தினாராம். விளக்கு அணைகிற வரை காத்திருந்தாராம். அதன்பிறகுதான் கார்டை எடுத்தாராம். இதுவரை ஒரு குறையும் இல்லை. வெளியே வந்து கார்டைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் செருகினாராம்.

ஏன் துடைத்தீர்கள் என்று கேட்டாள். ஈரமாக இருந்தது என்றார். எப்போதும் ஈரமாகத்தான் இருக்குமா என்றாள். எப்போதும் கொஞ்சம் இருக்கும், துடைத்துவிட்டுப் போட்டால் வேலை செய்யும், நேற்று வெளியே புழுக்கம் அதிகம் என்பதால் நிறையவே இருந்தது என்றார்.

குடைச்சல் எழுந்து போய்க் குளிர் அறைக் கதவைப் பார்த்துவிட்டு வந்தாள். நாலு டிகிரியில் ஒரு வாரம் கிடந்த கார்டை இந்தப் புழுக்கத்தில் கொண்டுவந்தால் வியர்க்காமல் என்ன செய்யும்? ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் வியர்க்கிறதே, அதே கதைதான். மேலே துடைத்தாயிற்று, சரி. கார்டின் முதுகில் இருக்கிற அந்தத் தங்க நிறக் கோடுகளின் இடுக்கில் இருக்கும் ஈரத்தைக் கைக்குட்டையா எடுக்கும்? பெட்டியை வெளியே வைத்து அளக்கும் கம்பியை மட்டும் உள்ளே விட்டிருந்தால் இந்த வம்பே இல்லை. யார் புண்ணியம் கட்டிக்கொண்டு அதை உள்ளே மாட்டினார்களோ.

"செருகினதும் கம்ப்யூட்டர் என்ன சொல்லிச்சு?"

"என்னமோ கேட்டுச்சு. அது எப்பப் பாத்தாலும் என்னமோ கேட்டுட்டேதான் இருக்கும், உன்ன மாதிரி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னு சொன்னேன். உனக்கும் அதைத்தானே சொல்றேன்."

குடைச்சலுக்குச் சிரிப்பும் வந்தது, தலையில் அடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. ஈரத்தால் கார்டைப் படிக்க முடியாத கம்ப்யூட்டர், இது சரியில்லாத கார்டு போலிருக்கிறது, ஃபார்மட் செய்து புதுசாக்கிவிடவா என்று கேட்டிருக்கிறது. கேள்வியைப் படிக்காமல் 'ஆமாம்' போட்டாயிற்று. அதற்குள் ஈரம் காய்ந்திருக்கும், ஃபார்மட்டும் ஆகிவிட்டது. ஒரு வாரம் போயே போய்விட்டது.

போய்விட்டதா என்பதில்தான் அவளுக்குச் சந்தேகம். கார்டு எப்படியெல்லாம் காலியாகும் என்று நேற்று ராத்திரி வீட்டில் படித்துப் பார்த்திருந்தாள். அவசரமாகச் செய்கிற ஃபார்மட்டில் கார்டிலுள்ள எழுத்துகள் அழிவதில்லை. புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கிழித்துப்போட்ட மாதிரிதான். உள்ளே பக்கங்கள் அப்படியே இருக்கும், எது எங்கே என்றுதான் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தேடி எடுக்க மென்பொருள் இருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை, அந்தக் கார்டின்மேல் வேறு எதையும் எழுதியிருக்கக் கூடாது.

இதை நாத்தனாருக்கு விளக்கிச் சொல்லிவிட்டு, சிவப்புப் பொட்டை எடுங்கள் என்று கையை நீட்டினாள். நாத்தனார் மேஜை டிராயரைத் திறந்து நீட்டியது நீலப் பொட்டு.

சிவப்பு எங்கே என்று கேட்டாள். நாத்தனார் குளிர் அறைப் பக்கம் கையைக் காட்டினார்.

"உள்ளதான் இருக்கு. நேத்துப் பத்து மணிக்கே நீலத்தை எடுத்துட்டு அதைத் திரும்பப் போட்டுட்டேன். எழுதின எடத்துலயே வெச்சா பெட்டிக்கு அடையாளம் தெரிஞ்சு திரும்பக் குடுத்துடுமோன்னு ஒரு நெனப்பு."

தொலைந்த பொருளைக் கடைசியாகப் பார்த்த இடத்தில் போய்த் தேடுகிற புத்திதான் அது, தப்புச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெட்டி நேற்றுப் பத்து மணியிலிருந்து நிமிஷத்துக்கு ஒரு வரி என்று பழைய வாரத்தின் தலைமேல் புது வாரத்தை எழுதிக்கொண்டிருக்கிறது. இப்போது மணி ஒன்பது நாற்பது. கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்கத் தின்றாகிவிட்டது, இன்னும் தின்றுகொண்டிருக்கிறது.

அவள் முகத்தைப் பார்த்தே நாத்தனாருக்குப் புரிந்துவிட்டது. ஐம்பத்தொரு வயதில் அப்படி ஒரு ஓட்டம் ஓடிக் குளிர் அறைக்குள் நுழைந்தார். குடைச்சல் பின்னாலேயே நுழைந்தபோது அவர் விரல் கார்டின்மேல் இருந்தது, பிடுங்கியெடுக்கப் போகிற வேகத்தில். அவள் அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"இருங்க அண்ணி. எழுதிட்டிருக்கும்போது புடுங்கினா கார்டே செத்துடும். அப்புறம் மிச்சமும் இல்ல."

பொத்தானை அவள்தான் அழுத்தினாள். பெட்டியின் மஞ்சள் விளக்கு படபடவென்று துடித்தது. தன்னிடம் இருப்பதையெல்லாம் கார்டில் இறக்கிவிட்டுத்தான் அது அணையும், அதுவரை தொடக்கூடாது. நாலு பேர் நின்றால் தோள் இடிக்கிற அந்தச் சின்ன அறையில், மருந்துப் பெட்டிகளின் நடுவே, இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாற்பது நொடி இருக்கும். வீட்டில் இந்தப் பதினொரு வருஷத்தில் அவ்வளவு நேரம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை. விளக்கு அணைந்தது. அதன்பிறகும் குடைச்சல் மனசுக்குள் பத்து எண்ணிவிட்டு, கார்டை ஓரத்தில் பிடித்து எடுத்தாள்.

எடுத்ததைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகவில்லை. குளிர் அறைக்குள்ளேயே ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி வாயை மூடி, பிறகுதான் வெளியே கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். நாத்தனார் பார்த்துக்கொண்டே இருக்க, பையின் வெளிப்பக்கம் முத்து முத்தாக வியர்த்தது. உள்ளே கார்டு உலர்ந்தே இருந்தது. வெளிச்சூட்டுக்கு அது வர முக்கால் மணி நேரம் ஆகும், அதுவரை பையைத் திறக்கக் கூடாது என்றாள்.

முக்கால் மணி நேரம் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் இரண்டு பேருக்கும் தெரிந்தது. நாத்தனார் டீ வாங்கிவரச் சொல்லி, வந்ததும் சூடாக இருக்கிறது என்று தள்ளி வைத்தார். குடைச்சல் அந்த நேரத்தில் நோட்டைப் புரட்டினாள். காலையும் மாலையும் கதவிலுள்ள மானியைப் பார்த்து நாத்தனார் கைப்பட எழுதின அளவுகள், வருஷம் முழுக்க ஒரு வேளை தவறவில்லை. இப்படி எழுதுகிற மனுஷியா ஃபைலை வீசினார் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அந்தக் கேள்வியை அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவளுடைய கேள்விகள் எப்போதும் பொருள்களைப் பற்றியவை.

பத்தரைக்குப் பையைத் திறந்தாள். கார்டின் விளிம்பில் இருக்கிற நகக்கண் அளவுப் பூட்டை நகத்தால் கீழே தள்ளினாள். இனிமேல் படிக்க முடியும், யார் 'ஆமாம்' என்றாலும் எழுத முடியாது. முதல் வேலையாகக் கார்டு முழுவதையும் அப்படியே கம்ப்யூட்டருக்குப் படியெடுத்தாள். தேடுவதெல்லாம் படியில்தான், மூலத்தைத் தொடக்கூடாது. பிறகு மென்பொருளை ஓடவிட்டாள். திரையில் ஒரு கோடு எறும்பு மாதிரி நகர்ந்தது.

வந்தது. முதலில் நேற்றைய வரிகள். அதற்குக் கீழே, போன செவ்வாய் மத்தியானத்திலிருந்து ஒரு வரி விடாமல், தேதி, நேரம், வெப்பம், ஈரப்பதம். அதற்கு முந்தின திங்களும் செவ்வாய்க் காலையும் போனது போனதுதான், அவற்றின்மேல் புது எழுத்து ஏறிவிட்டது. அந்த நாள்களில் கரண்ட் இருந்தது, கைப்பட எழுதின நோட்டே போதும். வேண்டியது வியாழன்.

குடைச்சல் வியாழனுக்கு இறங்கினாள். பதினொன்று நாற்பதுக்குக் கரண்ட் போனபோது நாலு புள்ளி இரண்டு. அங்கிருந்து மெல்ல மெல்ல ஏறுகிறது. ஒரு மணிக்கு ஐந்தரை. இரண்டு மணிக்கு ஆறரை. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தார்கள். மூன்று மணிக்கு ஏழு புள்ளி மூன்று. மூன்று முப்பத்திரண்டுக்கு ஏழு புள்ளி ஆறு, அங்கே நின்றது, பிறகு இறங்கியது. எட்டைத் தொடவே இல்லை.

நாத்தனார் மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆயிரத்து நானூறு பெட்டியும் தப்பித்தது, அவரும் தப்பித்தார். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கம்ப்யூட்டரை மூடிவிட்டுப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்கள்.

குடைச்சல் மூடவில்லை. இத்தனை வருஷமாக அவள் பார்த்ததெல்லாம் வாரத்தின் அதிக அளவு, குறைந்த அளவு என்று இரண்டே எண்கள். முழு வாரத்தையும் வரி வரியாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை, அவள் விடுவாளா? எல்லாவற்றையும் கோடாக வரையச் சொன்னாள். வரைந்த கோட்டில் அங்கங்கே ஊசி ஊசியாக நின்றது கதவு திறந்து மூடின நேரங்கள். அது அவளுக்குத் தெரியும். வெப்பம் சட்டென்று குத்தி ஏறும், உடனே இறங்கும். அவற்றுக்கு நடுவே வேறொன்று இருந்தது. செவ்வாய் மத்தியானம் ஒன்று பத்துக்கு ஒரு ஊசி, அதை ஒட்டி மெதுவாக எழும் ஒரு மேடு, ஒன்றரைக்கு இன்னொரு ஊசி. புதன் ஒன்று பத்துக்கு அதே மேடு. வெள்ளி, சனி, நேற்றுத் திங்கள், எல்லாம் அதே நேரம், அதே இருபது நிமிஷம். முக்கால் டிகிரிதான் ஏறுகிறது. மருந்துக்கு ஒன்றும் ஆகாது.

இயந்திரம் தன் பனியைத் தானே உருக்கிக்கொள்கிற நேரமாக இருக்குமோ என்று முதலில் நினைத்தாள். அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமையும் இருக்க வேண்டுமே. ஞாயிறு கோடு வழவழவென்று போயிருந்தது. இயந்திரத்துக்கு ஏது வாரவிடுமுறை? வியாழன் கரண்ட் இல்லாத நாள், அதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. கதவைச் சரியாக மூடாமல் விட்டிருந்தால் கோடு இன்னும் கன்னாபின்னாவென்று ஏறியிருக்கும். ஈரப்பதத்தின் கோட்டைப் பார்த்தாள். அதே இருபது நிமிஷம் அதுவும் மெல்ல ஏறி இறங்கியது. மூடின கதவுக்குப் பின்னால் சூடும் விட்டுக்கொண்டு ஈரமும் விட்டுக்கொண்டு இருபது நிமிஷம் இருக்கக்கூடியது என்ன என்று அவள் யோசித்தாள். மூச்சு விடுகிற ஒன்றுதான். உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

குளிர் அறைச் சாவி ஒரே ஒருவரிடம்தான் இருந்தது.

அறைக்குள் ஆள் தங்கக் கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. குடைச்சலின் மனசு போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போனது. இது வெளியே தெரியக் கூடாது என்றுதான் கார்டு அழிந்ததா? கேள்வியைப் படிக்காமல் அழுத்தியதாகச் சொன்னது நிஜமா? நினைத்ததும் அவளுக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள், அவளால் கேட்காமல் இருக்க முடியாது.

"அண்ணி, கார்டு கைதவறித்தான் அழிஞ்சுதா?"

நாத்தனார் அவளைப் பார்த்தார், பிறகு திரையில் இருந்த மேடுகளைப் பார்த்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கப் போகிறது என்று குடைச்சல் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். வெடிக்கவில்லை.

"இது இதையெல்லாம் எழுதுதுன்னே எனக்கு இப்பத்தான் தெரியும். அழிக்கணும்னு நெனச்சிருந்தா உனக்கு எதுக்கும்மா ஃபோன் பண்றேன்? ஊர்லயே ஒரு எடத்துல விடாமத் தோண்டுற ஆளு நீதான்."

அது உண்மை என்று கேட்ட உடனே தெரிந்தது. குடைச்சலுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நாத்தனார் அதைக் கண்டுகொள்ளாமல் சொல்ல ஆரம்பித்தார். ஒன்றரை வருஷமாக இருக்கிறதாம். மாதவிடாய் நிற்கிற வயது. திடீரென்று நெஞ்சுக்குள் அடுப்புப் பற்றவைத்த மாதிரி ஒரு சூடு கிளம்பிக் கழுத்து, முகம், காது என்று ஏறுமாம். ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை. ராத்திரியில் தூக்கம் கிடையாது. அந்த நேரத்தில் யார் எதைக் கேட்டாலும் அடிக்கலாம் போல வருமாம். லாரிக்காரர் கேட்டதும் அந்த நேரத்தில்தான், தணிக்கைக்காரர் கேட்டதும் அந்த நேரத்தில்தான். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவாராம். அந்த இருபது நிமிஷத்தை வைத்துத்தான் மிச்ச நாளைத் தள்ளுகிறேன் என்றார்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று குடைச்சல் கேட்டாள்.

"யார் கேட்டா? ஃப்ரிட்ஜ் ஏன் சத்தம் போடுதுன்னு கேட்ட. மாடிக் குழாய் ஏன் சொட்டுதுன்னு கேட்ட. எனக்கு ஏன் கோவம் வருதுன்னு மட்டும் நீ கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

ஒன்றரை வருஷமாக நாத்தனாருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று கீழ்வீட்டில் உட்கார்ந்து கணவனிடம் சொன்னவள் குடைச்சல்தான். அதை நினைத்ததும் அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அறிக்கைப் படிவத்தை எடுத்தாள்.

படிவம் சும்மா விடுகிறதா? வாரம் முழுமைக்குமான கோட்டை இணைக்க வேண்டும், வழக்கமில்லாத ஏற்றம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். ஐந்து மேடுகள், ஐந்து கட்டங்கள். ஆள் தங்கினார் என்று எழுதினால் மூன்றாவது மெமோவுக்கு அதுவே போதும். கதவு சற்று நேரம் திறந்திருந்தது என்று எழுதிவிட்டால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, அவளை மாதிரி இன்னொருத்தி அந்த நிறுவனத்தில் கிடையாது. பேனாவை அந்தக் கட்டத்தின்மேல் வைத்துக்கொண்டு அப்படித்தான் எழுதட்டுமா என்று கேட்டாள்.

வேண்டாம் என்று நாத்தனார் தலையை ஆட்டினார். இருபத்திரண்டு வருஷத்தில் தன் கதவு ஒரு நாளும் திறந்து கிடந்ததில்லை என்றார். உள்ளே ஒரு பொம்பளை இருந்தாள் என்றே எழுது, எதற்கு என்றும் எழுது, ஆனால் கதவைத் திறந்து போட்டவள் என்று எழுதிவிடாதே என்றார். குடைச்சல் ஐந்து கட்டத்திலும் உள்ளதை உள்ளபடி எழுதினாள். கார்டு ஈரத்தோடு செருகப்பட்டதையும், கேள்வியைப் படிக்காமல் ஃபார்மட் ஆனதையும், பதிவுப் பெட்டியை வெளிச்சுவருக்கு மாற்ற வேண்டும் என்பதையும் கீழே சேர்த்தாள்.

ஐந்து மணிக்கு மேலாளர் வந்தார். எதையும் இரண்டு தடவை படிக்கிற மனிதர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒரு தடவை, இறக்கி ஒரு தடவை. வியாழக்கிழமையின் ஏழு புள்ளி ஆறைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு மேடுகளுக்கு வந்தார். காரணம் என்று இருந்த கட்டத்தைப் படித்தார். நாத்தனாரை நிமிர்ந்து பார்க்கச் சங்கடப்பட்டு மறுபடியும் காகிதத்தையே பார்த்தார். குளிர் அறைக்குள் ஆள் இருப்பது விதிப்படி தப்பு என்று மெதுவாகச் சொன்னார். தெரியும் சார் என்றார் நாத்தனார்.

மேலாளரின் விரல் கோட்டின்மேல் செவ்வாயிலிருந்து சனி வரை போய், திரும்பி வந்து, வியாழனில் நின்றது. குடைச்சல் ஒதுக்கி வைத்திருந்த நாள். அந்த நாளின் கோடு கீழேயிருந்து மேலே ஒரே சீராக ஏறியிருந்தது. ஒன்று பத்துக்கு ஒன்றும் இல்லை. பதினொன்று நாற்பதிலிருந்து மூன்றரை வரை ஒரு ஊசிகூட இல்லை, கதவை யாரும் திறக்கவே இல்லை. அன்றைக்கு ஃபேனும் ஓடியிருக்காது என்பது குடைச்சலுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வாரத்திலேயே கொடுமையான வெயில் அன்றைக்குத்தான்.

"எல்லா நாளும் போயிருக்கீங்க. வியாழக்கிழமை மட்டும் போகலையேம்மா, ஏன்?" என்று மேலாளர் கேட்டார்.

"கரண்ட் இல்லையே சார். உள்ள இருந்த குளிர் எனக்கும் மருந்துக்கும் சேத்துப் பத்தாது. அதான் மருந்துக்கு விட்டுட்டு, கதவுமேல சாஞ்சு வெளியில உக்காந்திருந்தேன்."

மேலாளர் கண்ணாடியை இறக்கி அந்தக் கோட்டை இரண்டாம் தடவை பார்த்தார். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, மருந்தை அனுப்பலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மெமோ புத்தகத்தை அவர் கேட்கவே இல்லை.